ஆயுத பூஜையும் எங்கள் லேப் சர்வரும்

எங்கள் கல்லூரிக் கணித லேபில் இருப்பது ஒரே சர்வர். கட்டணமில்லாத கணித மென்பொருளை அதில் ஏற்றி வைத்தது நான்தான். மாணவர்கள் லேப் கணினிகளிலிருந்தும் செல்போனிலிருந்தும் அதற்குள் நுழைந்து கணக்குப் போடுவார்கள். யாருடைய கணக்கு சர்வரை எவ்வளவு தின்கிறது என்று ஒரு பட்டியல் எல்லாருக்கும் தெரியும்படி திரையில் ஓடும். ஒளிவுமறைவு இல்லாவிட்டால் சண்டை வராது என்று நம்பினேன். என் புத்தியை மெச்ச வேண்டும்.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் எப்போதும் ஒருத்தியுடையதுதான். கட்டுமாவடியிலிருந்து பஸ் மாறி ஆலங்குடிக்கு வரும் முதுகலை மாணவி. எண்களைச் சலித்துத் தேடும் அவளது புரோகிராம் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. முழுக்க முடிந்தால்தான் விடை. நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. இடையிடையே சேமித்துக்கொள்ளும்படி அதைத் திருத்தி எழுதுவதென்றாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

பூஜை விடுமுறை முடிந்ததும் சென்னையில் அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணல். கையில் விடை இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கிடைக்காவிட்டால் அவள் அப்பா பேசி வைத்திருக்கும் நிக்காஹ்.

"மாப்பிள்ளை துபாய்லேருந்து லீவுல வாராரு மேடம். அத்தா அதுவரைக்கும்தான் பொறுப்பாங்க" என்றாள்.

வகுப்பில் மற்றவர்களின் கணக்குகள் விடை வராமல் திரையில் சுற்றிக்கொண்டே நின்றன. எல்லாரும் பட்டியலைப் பார்த்தார்கள். யாரோ அதைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டு, 'லேப் எல்லாருக்குமா, ஒருத்தருக்கு மட்டுமா?' என்று கேட்டிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை நெருங்கியது. எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர். ஒருமுறை வகுப்பில் மயங்கி விழுந்த ஒரு மாணவியைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.

"சார், சர்வரை மட்டும் விட்ருங்க. அது பாட்டுக்கு ஓடட்டும், பொட்டு வச்சுக்கலாம்" என்றேன்.

"ஓடுற மெஷினுக்கா படைப்பாங்க? எங்க வீட்டு பம்புசெட்டையே நிப்பாட்டித்தான் மேடம் படைப்போம்" என்றார். விடாமல் வாதாடினேன். கடைசியில், "சரிங்க, பாப்போம்" என்றார்.

அன்று சாயங்காலமே குழுவில் இன்னொரு செய்தி: 'யாருக்காகப் பூஜை நிக்குது?' இந்த முறை கீழே ஒரு சிரிப்புப் பொம்மைகூட இல்லை. யாரும் அவள் பெயரை எழுதவில்லை.

பூஜையன்று லேபைக் கழுவி, வாழை இலையில் பொரிகடலை பரப்பியிருந்தார்கள். கணினிகளெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு அணைந்து கிடந்தன. சர்வரின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. செருப்பை வாசலில் விட்டு வந்த மாணவர்கள் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு பின்வரிசையில் தலையில் துப்பட்டாவோடு நின்றவளைப் பார்த்தார்கள். துறைத்தலைவர் சூடத்தட்டோடு காத்திருந்தார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அவளே முன்னால் வந்து சர்வர் முன் உட்கார்ந்தாள்.

"வேணாம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான், முடிஞ்சிரும்" என்றேன்.

"இருக்கட்டும் மேடம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இவங்ககூடத்தான நான் தெனமும் பஸ்ஸுல வரணும்."

புரோகிராமை நிறுத்தினாள். யாரோ ஓடிவந்து சுவிட்சை அணைத்தார்கள். விசிறி மெல்ல நின்றது. மணி அடித்தார்கள். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. சூடப்புகை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

துறைத்தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதல் சுண்டலை அவளுக்குத்தான் கொடுத்தார்.

"பாத்தீங்களா மேடம், அந்தப் புள்ளைக்கே புரியுது" என்றார் என்னிடம்.

அவள் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கு சார்" என்றாள்.

அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.