பச்சை அடித்த மஞ்சள் வீடு

"உங்கள் வீடு எங்கே இருக்கிறது?"

பள்ளிப் படிப்பு முடிந்து நான் நிரப்பிய முதல் விண்ணப்பத்தில், இந்தக் கேள்விக்கு நேராக இருந்த கோட்டைக் காலியாகவே விட்டேன். எங்கள் ஊரான சான் தெல்மோவில் தெருவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டுக்கு எண் கிடையாது. விலாசம் என்று கேட்டால் "பழைய பால் டிப்போவிலிருந்து தெற்கே இருநூறு மீட்டர்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அந்தப் பால் டிப்போ நான் பிறப்பதற்கு முன்பே இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் முடிவெட்டும் கடை வந்துவிட்டது. இல்லாத ஒன்றிலிருந்து எப்படி அளப்பது? அன்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் லோர்னா பெட்டர்சன் தன் சொந்த வீட்டையே தொலைத்துவிட்டுத் தேடிய வாரத்தில்தான் விளங்கியது.

லோர்னாவுக்கு அறுபத்தெட்டு வயது. அமெரிக்காவில், ஆண்டுக்கு ஐந்து மாதம் பனி கொட்டும் ஓர் ஊரில், முப்பத்தோரு ஆண்டுகள் தபால் பிரித்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, இனி ஜென்மத்துக்கும் பனி வாரப்போவதில்லை என்று சொல்லி, கோஸ்டா ரிகாவின் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊருக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஒரு பெட்டி நிறையத் தோல் காலணிகள். மூன்றாவது மாதம் அலமாரியைத் திறந்தபோது அத்தனை காலணிகளுக்கும் வெள்ளையாக மயிர் முளைத்திருந்தது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு நூரியைக் கூப்பிட்டார்.

நூரி அல்ஃபாரோ சோள ரொட்டி சுட்டு விற்பவர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூஞ்சை தோன்யா. சீப்பு எடுத்து வாரி விடுங்க, பாவம், சிக்கு விழுந்திடப் போகுது."

எங்கள் ஊரில் வயதில் மூத்த பெண்களை 'தோன்யா' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். மரியாதைக்கும் அதுதான், கிண்டலுக்கும் அதுதான்.

ஈரம் தங்காமலிருக்க அலமாரிக்குள் எந்நேரமும் ஒரு பல்பு எரிய வேண்டும் என்று அன்று லோர்னா கற்றுக்கொண்டார். உப்புக் குப்பியில் அரிசி போடவும், பிஸ்கட்டைக் குளிர்பெட்டியில் வைக்கவும், காலை விடுமுன் காலணியைத் தட்டித் தேள் இருக்கிறதா என்று பார்க்கவும் பழகினார். குளியலறையில் தலைக்கு மேலே மின்சாரத்தில் தண்ணீரைச் சுடவைக்கும் குழாயை, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் திருக வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் குழாயே சொல்லித் தந்தது. மழைக்காலத்தில் ஒரு மணி அடித்தால் மழை என்பதால், பன்னிரண்டரைக்கே துணிக்கொடியில் கைவைத்துவிடுவார். ஆறு ஆண்டில் எல்லாம் பழகிவிட்டது.

பழகாதது விலாசம் ஒன்றுதான். தபால்காரியிடம் போய், வீட்டுக்கு எண் இல்லை என்றால் எப்படி இருக்கும்! எங்கள் ஊரில் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை நூறு மீட்டர் என்பது கணக்கு. லோர்னா அளவு நாடாவோடு குனிந்து குனிந்து அளந்து பார்த்தார். எழுபத்து நான்குதான் வந்தது. நேராக நூரியிடம் போனார்.

"நூரி, இது நூறு இல்ல. எழுபத்து நாலு."

"அப்போ தெருதான் சுருங்கிப் போயிருக்கும் தோன்யா. மழையில நனைஞ்ச துணி மாதிரி. விலாசம் சரியாத்தான் இருக்கு."

அதோடு விட்டாரா? ஒரு பக்கம் ஒற்றை எண், மறுபக்கம் இரட்டை எண் என்று தெருமுனையிலிருந்து வீடுகளை எண்ணி, தன் வீட்டு வாசலில் 'குவாருமோ தெரு, எண் 14' என்று மரப்பலகை செதுக்கி மாட்டினார். குவாருமோ என்பது முனையில் நிற்கும் ஒரு மரம். பெயரும் எண்ணும் அவரே வைத்தது.

"அப்போ நான் என்ன?" என்று நூரி கேட்டார்.

"நீங்க பதினாறு."

"பதினாறு வேணாம். அந்த வயசுலதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. வேற ஏதாவது நல்ல நம்பரா குடுங்க."

லோர்னாவின் வீடு மஞ்சள் நிறம். வெளுத்த முடிக்காரியை நாங்கள் 'மாச்சா' என்போம். எனவே அது 'மாச்சாவோட மஞ்சள் வீடு'. நூரியிடம் ரொட்டி வாங்க வருகிறவர்கள், கேஸ் கொண்டு வருகிறவர், கால்நடை மருத்துவர், எல்லோருக்கும் மஞ்சள் வீட்டிலிருந்துதான் கணக்கு. அப்படியிருக்க, இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன் லோர்னா அந்த வீட்டுக்குப் பச்சை அடிக்கப்போவதாக அறிவித்தார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. சுவரில் எப்படியும் பாசி பிடிக்கும், பாசி பச்சை, சுவரும் பச்சையாக இருந்துவிட்டால் தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம்.

தெருவே கலங்கும் என்று அவர் எதிர்பார்த்தார். நூரி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "அடிச்சுக்கோங்க தோன்யா. என்ன அடிச்சாலும் அது மஞ்சள்தான்" என்று மட்டும் சொன்னார். லோர்னாவுக்கு அது புரியவில்லை.

வர்ணக் கடையில் நின்றுகொண்டு, இளந்தளிர்ப் பச்சை கேட்டார். கடைக்காரர் கலக்கிக் காட்டக் காட்ட, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கண்ணுக்கே தெரியலயே" என்றார். அதற்கும் காரணம் இருந்தது. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் அறுவை சிகிச்சைக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்து, ஒருவழியாக ஒரு திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். மருத்துவமனையில் ஒரே ஒரு நிபந்தனை: செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டை கையில் இருக்க வேண்டும். பழைய அட்டை அதற்கு முந்தைய வெள்ளியோடு முடிகிறது. புதிய அட்டை தபாலில் வரவேண்டும். வராவிட்டால் கண்ணுக்கு மறுபடி வரிசையின் கடைசி.

வீட்டுக்குப் பச்சை அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை பகல். ஒரு மணிக்குச் சற்று முன், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவர் கழுத்திலிருந்து முழங்கால் வரை மழை அங்கி போட்டிருந்தார். பீட்சா கொண்டு வருகிறவரும் இப்படித்தான் வருவார், மருந்துக்கடைக்காரரும் இப்படித்தான் வருவார்.

"தோன்யா, இங்க மஞ்சள் வீடு எது?"

லோர்னா நிமிர்ந்தார். இந்த நாளுக்காகத்தான் ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்தார் போலிருந்தது.

"இந்தத் தெருவுல மஞ்சள் வீடே கிடையாது."

"பால் டிப்போவுலேர்ந்து தெக்கால இருநூறு, மேக்கால அம்பதுன்னு..."

"பால் டிப்போவும் கிடையாது. போய்ப் பாருங்க, அங்க முடி வெட்டறாங்க. இது குவாருமோ தெரு, பதினாலாம் நம்பர். பலகை தெரியுதா? இனிமே யாராவது எதையாவது குடுத்தனுப்பினா, நம்பர் என்னன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. நிறத்தை வெச்செல்லாம் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் மாறும்."

"அதில்ல தோன்யா, பேரு என்னன்னா..." என்று அவர் அங்கிக்குள் கையை விட்டு உறையைத் துழாவினார்.

மணி ஒன்று. மழை வானத்திலிருந்து மொத்தமாக விழுந்தது. "ஐயோ, மீதித் துணி!" என்று லோர்னா கொல்லைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. ஒருவருக்கு நல்ல புத்தி சொன்ன திருப்தியோடு காபி போட்டுக் குடித்தார்.

வியாழன் மாலை நூரி வேலியருகே வந்தார்.

"அட்டை வந்துடுச்சா தோன்யா? நேத்து தபால்காரர் இந்தப் பக்கம் வந்தாராமே. புதுசா மாத்தலாகி வந்தவர், எலியேசர்னு பேரு. நான் சந்தைக்குப் போயிருந்தேன்."

"தபால்காரரா? யாரும் வரலயே. யாரோ ஒருத்தர் மஞ்சள் வீட்டைத் தேடிட்டு வந்தாரு. அப்படி வீடே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நூரி அந்தப் பச்சைச் சுவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. லோர்னா அவர் அழுகிறார் என்றே நினைத்தார்.

"தோன்யா... அது உங்க அட்டைதான்."

"என் விண்ணப்பத்துல நான் பதினாலாம் நம்பர்னு எழுதினேனே!"

"எழுதினீங்க. அட்டை ஆபீஸ்ல நீங்க போட்டோ எடுக்கப் போனீங்களா, அந்தக் கவுண்டர் பொண்ணு என்னைக் கூப்பிட்டு, 'இது எந்த நாட்டு விலாசம்?'னு கேட்டுச்சு. நான்தான் சரியானதைச் சொல்லி மாத்திட்டேன். பால் டிப்போ, இருநூறு, அம்பது, மஞ்சள் வீடு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அளவு நாடாவைத் தூக்கிட்டு வருவீங்க."

லோர்னா படியில் உட்கார்ந்துவிட்டார். "இப்போ வீடு பச்சையா இருக்கே நூரி. எந்தத் தபால்காரரா இருந்தாலும் குழம்பத்தான் செய்வாரு."

"எதுக்குக் குழம்பணும்? தெருவுல யாரைக் கேட்டிருந்தாலும், 'மஞ்சள் வீடா? அதோ அந்தப் பச்சை வீடு'ன்னு காட்டியிருப்பாங்க. கேஸ்காரருக்குத் தெரியும். எதிர்வீட்டு நாய்க்குத் தெரியும். இந்தத் தெருவுல மஞ்சள் வீடு எதுன்னு தெரியாத ஒரே ஆள்கிட்டப் போய்க் கேட்டிருக்காரு அந்த மனுஷன்."

இதைச் சொல்லி முடிக்க நூரிக்கு நான்கு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நடுநடுவே இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் தபால் நிலையத்தில் நின்றார்கள். திருப்பி அனுப்பும் தபால்கள் பத்து மணி வண்டியில் தலைநகருக்குப் போய்விடும். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் எலியேசர்தான். ஐம்பது வயது இருக்கும். மழை அங்கி இல்லாமல் சீருடையில் பார்த்ததும் லோர்னாவுக்கு முகம் சிவந்தது. அவரும் அடையாளம் கண்டுகொண்டார். மீசைக்கு அடியில் மெதுவாகச் சிரிப்பு விரிந்தது.

"வாங்க தோன்யா. பதினாலாம் நம்பர்தானே?"

"ஐயா, முந்தாநேத்து நீங்க கொண்டுவந்தது என் அட்டை. இதோ பழைய அட்டை, படம் இருக்கு பாருங்க. இன்னிக்கு வரைக்கும் செல்லும்."

எலியேசர் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, அதன் மேல் தான் எழுதியதைச் சத்தமாக வாசித்தார். "'இப்படி ஒரு வீடு இல்லை. அதே தெருவில் குடியிருக்கும் பெண்மணி உறுதியாகச் சொன்னார்.' நல்லா உறுதியாத்தான் சொன்னீங்க."

பின்னால் வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

"படம் சரிதான். ஆனா ஒருதடவை திருப்பி அனுப்புன்னு எழுதிட்டா, உறையில இருக்கற விலாசத்தை வாங்கறவங்க வாயாலயே சொல்லணும். விதி அது."

லோர்னாவுக்கு அந்த விதி தெரியும். முப்பத்தோரு ஆண்டு அதே விதியை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லி, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்!

"குவாருமோ தெரு..." என்று மெல்லத் தொடங்கினார்.

எலியேசர் தலையை ஆட்டி, உறையைப் பைக்குள் பாதி நுழைத்தார்.

"பால் டிப்போ! பால் டிப்போ!" என்று வரிசையிலிருந்து கிசுகிசுத்தார்கள்.

"சும்மா இருங்க, அவங்களே சொல்லட்டும்" என்றார் எலியேசர், பள்ளிக்கூட வாத்தியார் போல.

லோர்னா மூச்சை இழுத்துக்கொண்டார். "பழைய பால் டிப்போவுலேர்ந்து தெற்கே இருநூறு மீட்டர்." ஒரு கணம் நிறுத்தினார். பொறுக்க முடியவில்லை. "உண்மையில நூத்தி நாப்பத்தெட்டு."

"தோன்யா!" என்று நூரி இடுப்பில் கிள்ளினார்.

"இருநூறு! இருநூறு மீட்டர். மேற்கே அம்பது. மஞ்சள் வீடு."

"நான் வந்தப்போ அந்த வீடு பச்சையா இருந்துச்சே?"

"ஆமா. பச்சைதான்."

"அப்போ மஞ்சள் வீடு?"

"அதே வீடுதான்யா. மஞ்சள் வீடு பச்சையா இருக்கு. போதுமா?"

வரிசையில் நின்ற ஒன்பது பேரும் கைதட்டினார்கள். எலியேசர் எழுந்து நின்று, உறையை இரண்டு கையாலும் நீட்டினார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தோன்யா. நானும் இருபத்து நாலு வருஷமா இந்தத் தொழில்லதான் இருக்கேன். இப்படி உருப்படியான விலாசம் கிடைச்சா எதுக்குத் திரும்பிப் போகப் போறேன்?"

திங்கட்கிழமை கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்து, நூரி கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். வாசலுக்குப் பத்தடி முன்னால் லோர்னா அப்படியே நின்றுவிட்டார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு இரண்டையும் மூடிக்கொண்டார்.

"நூரி, யாரு என் வீட்டுக்கு இந்தக் கிளிப்பச்சையை அடிச்சது?"

"நீங்கதான் தோன்யா. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கேட்டு வாங்கினீங்களாம்."

"ரெண்டு மாசமா இது இப்படியா நிக்குது? ஒருத்தர்கூடச் சொல்லலயே!"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதோட, நாங்க யாரு அதைப் பச்சைன்னு பார்த்தோம்?"

அந்தப் பச்சை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இடது கண்ணுக்கும் நாள் குறித்தபிறகுதான் அடுத்த வர்ணம் என்று லோர்னா தீர்மானித்திருக்கிறார். பலகையையும் கழற்றவில்லை. எண் பதினான்குக்குக் கீழே 'மஞ்சள் வீடு' என்று புதிதாகச் செதுக்கியிருக்கிறார், ஆழமாக. அளவு நாடாவை நூரி கடன் வாங்கிப் போனார். இதுவரை திருப்பித் தரவில்லை.

நானும் அந்த விண்ணப்பத்தை எடுத்துக் காலிக் கோட்டை நிரப்பி அனுப்பினேன்: மஞ்சள் வீட்டிலிருந்து கிழக்கே எழுபத்தைந்து மீட்டர். பதில் எட்டாம் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, எலியேசர் கையால்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது மழையும் வெயிலுமான நாட்டில் குடியேறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், அலமாரி பல்பையும் உப்புக் குப்பி அரிசியையும் சொல்லிவிட்டு, லோர்னாவின் கதையையும் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் அதை அடுத்தவருக்குச் சொல்லட்டும். சொல்லும்போது வீட்டின் நிறத்தை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். அது மஞ்சள்.