செல்வி அக்காவும் ஒன்பது வோல்ட் பேட்டரியும்

அம்மாவுக்கு இந்த வாரம் மில்லில் மதிய ஷிப்ட். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் நான் மட்டும்தான்.

அதனால் இன்று சர்க்யூட் மாட்டிப் பார்க்கும் பிரெட்போர்டில், திருடன் வந்தால் கத்தும் அலாரம் ஒன்று செய்தேன். டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், பஸ்ஸர், ஒன்பது வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். வாசலின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டினேன். உள்ளே வருபவரின் கால் பட்டுக் கம்பி பிடுங்கிக்கொண்டால் பஸ்ஸர் கத்தும்.

சோதிக்க ஓர் ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா தினமும் ஐந்து மணிக்குக் கூப்பிடாமலே உள்ளே வந்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். ஒரு நாளில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான்.

இன்றும் வந்தார். கம்பியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏட்டி, கரண்டு வச்சிருக்கியா?”

“வெறும் பேட்டரிக்கா. தொட்டாலும் ஒண்ணும் செய்யாது. வாங்க.”

“எங்க செண்பகத்தோப்புப் பக்கம் காட்டுப்பன்னிக்கு இப்படித்தான் கம்பி கட்டுவாங்க. மாடே செத்துருக்கு.”

கொண்டுவந்த சுண்டலை ஜன்னல் வழியாக நீட்டினார். நான் ஓடிப்போய்க் கம்பியைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துக் காட்டினேன்.

“இருக்கட்டும்ட்டி. நாளைக்குப் பாப்போம்” என்று போய்விட்டார்.

சுண்டலைத் தின்றுவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, நானே வெளியே போய் உள்ளே நுழைந்தேன். பஸ்ஸர் நன்றாகவே கத்தியது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆள் வந்தால் கத்துகிற சர்க்யூட் எனக்குத் தெரியும். ஆளை வரவைக்கிற சர்க்யூட் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நாளை ஐந்து மணிக்குள் வேண்டும்.