இங்கிலீசுக்கும் ஒரு சனிக்கிழமை வகுப்பு

இன்று ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் செல்லும் மெட்ரோ ரயிலில் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணி, நோர்வேயில் வாழும் ஆங்கிலேயர்களுக்காக இணையதளம் நடத்துகிறாராம்.

நான் மகளோடு போனில் தமிழில் கதைத்து முடித்ததும் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் பிள்ளைகளை எப்படி உங்கள் மொழியில் பேச வைத்தீர்கள்? என் பிள்ளைகள் எனக்கு நோர்வேஜிய மொழியில்தான் பதில் சொல்கிறார்கள்."

குரலில் உண்மையான கவலை இருந்தது.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். இடைவேளையில் வடை கொடுப்பதால்தான் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. இதைத் தன் தளத்தில் எழுதலாமா என்று கேட்டார். சம்மதித்தேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். "இங்கிலீசும் அழிஞ்சு போகுமெண்டு பயப்பிடுறாவோ?"

"ஓம், அவவின்ரை வீட்டிலை அழியுதுதானே," என்றேன்.

சற்றுமுன் அந்தத் தளத்தைப் பார்த்தேன். அவருடைய கேள்வி: "வடைக்குப் பதிலாக நாம் என்ன கொடுக்கலாம்?"

ஒருவரும் இன்னும் பதில் போடவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?