கடைசிக் கேஜில் ஏறிய அண்ணன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதை எழுதினால் யாருக்காவது கோபம் வருமோ, பிள்ளைகளுக்கு ஏதாவது தொந்தரவு வருமோ என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை. அண்ணிதான், "அன்னிக்கி அவருக்கு முன்னால நின்னது நீதானே? நீயே எழுதும்மா" என்றார்கள். எழுதுகிறேன்.

அண்ணன் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தார். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா நெஞ்சு நோயில் படுத்துவிட, பத்தொன்பது வயதில் அண்ணன் சுரங்கத்தில் இறங்கினார். அந்த வருடம்தான் என் படிப்பும் நின்றது. அதற்காக அவர் கடைசிவரை வருத்தப்பட்டார். எனக்கு எந்த விண்ணப்பம் வந்தாலும் அவரே நிரப்பித் தருவார். பிறகு லைனில் எல்லாருக்கும் அவரே நிரப்பித் தந்தார்.

உழைத்து உழைத்து மேஸ்திரி ஆனார். பதினாறு ஆட்கள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் இரும்புக் கூண்டை நாங்கள் கேஜ் என்போம். ஷிப்ட் முடிந்தால் பதினாறு பேரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, யாராவது நின்றுவிட்டார்களா என்று இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசிக் கேஜில்தான் அண்ணன் வருவார். ஒரு நாளும் இது மாறியதில்லை. சோறு ஆறிப்போகிறதே என்று அண்ணி முணுமுணுப்பார்கள். நானோ, அவர் மேலே வந்தார் என்று தெரியும்வரை வாசலிலேயே நிற்பேன்.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். நஷ்டம் என்றார்கள். நூறு வருடத்துக்கு மேல் பொன் எடுத்தார்களே, அப்போது லாபம் உங்களுடையது என்று யாராவது எங்களிடம் சொன்னார்களா? நஷ்டம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாற்றுத் தொழில் என்று அண்ணனைப் போன்றவர்களை ஒரு ஹாலில் உட்கார வைத்து மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். பாறையை உடைத்த கைகளுக்குத் திரி கோக்கும் வேலை! அண்ணன் சிரித்துக்கொண்டே, "சுரங்கம் கீறப்ப குடுத்திருந்தா கீழ வெளிச்சத்துக்காவது ஆயிருக்கும்" என்றார். அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைக் காட்டி யாருக்கும் வேலை கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதன்பின் ஊரே ரயில் ஏறியது. அண்ணன் பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி ஆனார். நான் துணிக் கம்பெனியில் தைக்கப் போனேன். விடிவதற்கு முன்னால் ஒரே ரயிலில் போவோம். டிபன் பாக்ஸ் இருக்கிறதா, பாஸ் இருக்கிறதா என்று நான் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். "ஒன்ன செக் பண்ணவே ஒரு செக்யூரிட்டி வேணும்" என்று கேலி செய்வார். அப்படியே பல வருடம் ஓடியது.

பிறகு ஊரடங்கு. ரயில் நின்றது. என் கம்பெனியில் பாதிப் பேரை நிறுத்தியதில் நானும் ஒருத்தி. அண்ணனுக்கு வயதாகிவிட்டதாம், இருமுகிறாராம், இனி வர வேண்டாமாம். போனில் சொல்லி முடித்துவிட்டார்கள். அது தொற்று இல்லை, சுரங்கத்துத் தூசு என்று அண்ணன் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, வேலை இழந்தவர்களின் பெயரைப் பதிவு செய்கிறோம், பதிந்தவர்களுக்கு முதலில் வேலை கொடுப்போம் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூட வராண்டாவில் முகாம். எத்தனை நாள் தெரியுமா? மூன்றே நாள்! ஒரு ஊரே வேலையில்லாமல் நிற்கிறது, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஊழியர்.

முதல் இரண்டு நாளும் அண்ணன் வீடு வீடாகப் போய் மற்றவர்களின் விண்ணப்பங்களை நிரப்பினார். மூன்றாம் நாள் காலை எங்கள் லைன் ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய் முதல் ஆளாக நின்றார். ஆனால் ஆட்கள் வர வர, "நீ முன்னால போம்மா, நீ போப்பா" என்று ஒவ்வொரு இடமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். எனக்குப் பதறியது.

"இன்னாண்ணா நீ! முன்னால போய் நில்லு. மூடிட்டா இன்னா பண்ணுவ?"

"ஆளுங்க கீழ கீறப்ப மேஸ்திரி மேல ஏறுவானா?"

"இது ஷாப்ட் இல்லண்ணா, ஸ்கூல் வராண்டா."

"எல்லாம் ஒண்ணுதான். நீ ஏறு."

சாயங்காலம் என் முறை வந்தது. எனக்குப் பின்னால் அண்ணன் மட்டும்தான். என் பெயரை ஏற்றியதும் அந்தக் கன்னட ஊழியர் கம்ப்யூட்டரை அணைத்தார். "ஆயித்து, ஆயித்து. டைம் முடிஞ்சிது."

"சார், இன்னும் ஒரே ஒருத்தர்தான் சார்."

"எல்லாரும் ஒரே ஒருத்தர்னுதாம்மா சொல்றீங்க."

நான் அழுதேன். அண்ணன் வராண்டாவைத் திரும்பி ஒரு முறை பார்த்தார். "நம்ம ஆளுங்க அல்லாரும் ஏறியாச்சி. வா, போலாம்" என்றார்.

அதன்பிறகு அவர் முகாம் நடத்திய அரசாங்க ஆபீசுக்கு நடந்த நடை எனக்குத் தெரியும். பட்டியலில் பெயர் இல்லை, அதனால் உங்களுக்கு வேலை போகவில்லை என்றார்கள். வேலை போனதென்றால், நிறுத்தியவர்களிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நிறுத்தியவர்களோ, நாங்கள் நிறுத்தவே இல்லை, வர வேண்டாம் என்றுதான் சொன்னோம் என்றார்கள். வேலையைப் பிடுங்கியவனே கையெழுத்துப் போட்டால்தான் வேலை போனதாக அரசாங்கம் நம்புமா? யார் கேட்டது இந்தக் கேள்வியை? நானும் அன்று கேட்கவில்லை. என் பெயரையும் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லைன் ஆட்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பு வந்தது. ரோட்டோர வேலை, ஆஸ்பத்திரி கூட்டும் வேலை, ஏதோ ஒன்று. எனக்கும் வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே எங்களுக்கெல்லாம் அந்தந்த வேலை இடத்துக்கு வழி சொல்லி அனுப்பினார்.

கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். நான் போகும்போதெல்லாம், "பேரு ஏறிச்சா?" என்பார். அந்த வயதில், அந்த உடம்புக்கு, வேலை எதற்கு? தன்னை வேலையில்லாத மனிதன் என்று ஒரு காகிதத்திலாவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். ஒரு நாள் தாங்க முடியாமல், "ஏறிடிச்சிண்ணா" என்று பொய் சொன்னேன்.

"பொய் சொல்றப்ப நீ முந்தானைய முறுக்குவ" என்றார். நான் கையை எடுத்தேன். அவர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எந்நேரம் கூப்பிட்டாலும் வந்த எதிர் வீட்டு ஆட்டோ தம்பிக்கும், ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த பழைய சுரங்கக் கூட்டாளிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாத லைன் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பட்டியல் போட்டவர்களுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் ரோஜாப்பூப் படம் போடலாம் என்றார் அச்சகத்துக்காரர். வேண்டாம், கோடு போடுங்கள் என்றேன். வேலை போயும் எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்கள் அந்தக் கோடுகளில் உங்கள் பெயரை எழுதி, சாப்பிட்டுவிட்டுப் போகும்போது கிழித்து என்னிடம் கொடுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். மூன்று ஜெராக்ஸ் எடுத்து, வரும் திங்கட்கிழமை அந்த ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன். எனக்குப் பயம்தான். ஆனாலும் போவேன். முதல் கோட்டில் மட்டும் யாரும் எழுத வேண்டாம். எல்லாப் பிரதியிலும் அங்கே அண்ணனின் பெயரை அச்சடித்திருக்கிறோம்.

கூட வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். வரிசையில் கடைசியாக நான் நிற்கிறேன்.