டைரக்டரியில் தேடிய தமிழ் வீடு

அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்துக்கு மாற்றலாகி நாங்கள் பெஹாலாவில் குடியேறியபோது எனக்கு ஒன்பது வயது. மூன்றே மாதத்தில் தெருப் பிள்ளைகளோடு வங்காள மொழியில் சண்டை போடும் அளவுக்கு நான் தேறிவிட்டேன். அம்மாவுக்கு அந்தப் பாஷை பிடிகொடுக்கவே இல்லை. காய்கறிக் கடையில் விரலை நீட்டித்தான் வாங்குவாள். அப்பாவோ இருட்டியபின் வந்து, சாப்பிட்டு, பேப்பரை விரித்துவிடுவார்.

தெருமுனை நூலகத்தில் டெலிபோன் டைரக்டரி இருந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஆனால் டைரக்டரியில் விலாசமும் உண்டே. நடந்து போகிற தூரத்தில் ஒரு தமிழ் வீடு அகப்படாதா என்று அம்மாவுக்கு யோசனை. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும் என்பதால் உத்தியோகம் எனக்கு வந்தது. இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத்தான் என்றாள். நானும் நம்பினேன்.

இரவல் தராத புத்தகம் அது. சனிக்கிழமைதோறும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தோம். என் விரல் பத்தி பத்தியாக இறங்கும். அம்மாவின் கண் விரலோடு இறங்கும். பானர்ஜிகளும் கோஷ்களும் முடிவில்லாமல் வந்தார்கள். நடுவே, கல்யாணக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி, ஒரு கிருஷ்ணன்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த விலாசத்துக்குக் கிளம்பினாள். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தது ஒரு வங்காளி அம்மாள். கிருஷ்ணன் குடும்பம் மாற்றலாகிப் போய் ஒரு வருஷமாகிவிட்டதாம். டைரக்டரி பழையது. அந்த அம்மாள் எங்களை உட்காரவைத்துச் சந்தேஷ் என்ற பால் இனிப்பைக் கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை போன காரியம் ஜெயம்.

அடுத்த சனிக்கிழமை எம் எழுத்து. முகர்ஜிகளே பக்கம் பக்கமாக ஓடினார்கள். வெளியே பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கைப்பிடிப் பக்கங்களை ஒரேயடியாகப் புரட்டிக் கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன். சங்கரன், சுப்பிரமணியன், ஸ்ரீனிவாசன் என்று நம்மவர்கள் மொய்த்துக்கிடக்கிற எஸ் எழுத்து அந்தப் பிடிக்குள்தான் இருந்திருக்கும். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"முடிஞ்சிட்டும்மா. ஒருத்தரும் இல்ல."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் புரட்டித் தள்ளிய பக்கங்களின் கனத்தையும் பார்த்தாள்.

"இல்லன்னா இல்லதான். வா, போவோம்" என்று புத்தகத்தைத் தானே மூடி நூலகரிடம் கொடுத்தாள்.

இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டோமே என்று எனக்கு ஒரே பெருமை. வழியெல்லாம் அம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். திருநெல்வேலியில் அவளோடு படித்தவர்கள் யார் யார், எவளுக்கு எந்த ஊரில் கல்யாணமானது, எவள் கணக்கு வாத்தியாரைப் போல நடந்து காட்டுவாள் என்று கதை நீண்டுகொண்டே போனது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாதியிலேயே அவள் கையை விட்டுவிட்டுப் பட்டம் பார்க்க ஓடினேன்.