ஈர விதையும் வண்டு மருந்தும்

வண்டு மருந்து விற்பவனிடம் ஆட்கள் இரண்டு முறை வருவார்கள்: வண்டு வருவதற்கு முன்னால் வாங்க, வந்த பிறகு திட்ட. திருவண்ணாமலையில் விதை, மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கும் பழகியிருக்கும்.

பல் சோதனை

அடி அண்ணாமலை கிராமத்து ஏழுமலையும் அவர் மனைவி செல்வியும் நாட்டு மக்காச்சோளம் போடுபவர்கள். வருஷா வருஷம் தெருவில் பத்து வீட்டுக்கு ஆடி விதைப்புக்கு அவர்கள் விதைதான். போன தை மாதம் விதையில் கலக்கும் மருந்துத் தூள் கேட்டு ஏழுமலை வந்தார். கையில் ஒரு பிடி சோளம்.

ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் போட்டேன். பதினேழு காட்டியது. பன்னிரண்டுக்குக் கீழே வந்தால்தான் விதையை மூட்டை கட்டலாம், இன்னும் காய வேண்டும் என்றேன். அவர் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார். கடக்கென்று கடை முழுக்கக் கேட்டது.

"சத்தம் கேட்டுச்சில்ல? உங்க மெஷினுக்குப் பல்லு இல்லீங்க, அதான் தெரியல."

பௌர்ணமி அவசரம்

ஈரத்துக்குக் காரணம் பௌர்ணமி. கிரிவலப் பாதை ஓரத்தில்தான் அவர்கள் சோளம் காயப்போடுவது வழக்கம். தார் ரோட்டுச் சூட்டுக்கு நாலைந்து நாள் போதும். இந்த முறை இரண்டாம் நாளே பௌர்ணமி வந்துவிட்டது. ஊரே நடக்கிற பாதையில் சோளத்தை விட்டுவைக்க முடியுமா? வாரி மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஏழுமலை என்னோடு வாதாடிவிட்டு மருந்து வாங்காமலே போனதால் மறுநாள் செல்வி வந்தார். கடையில் கூட்டம். திரும்பப் பிரித்துக் காயவையுங்கள், மருந்தை அளவாகப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஈரமான தானியத்தில் மருந்தின் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் பத்து நிமிஷம் ஆகும். பாக்கெட்டை எடுத்து நீட்டினேன், செல்வி வாங்கிக்கொண்டார்.

"ஈரம் ஜாஸ்தின்னா மருந்தையும் கொஞ்சம் ஜாஸ்தி போட்டா சரியாப் பூடும், விடுங்கண்ணா."

மேசை மேல் வண்டு

சித்திரையில் செல்வி ஒரு மஞ்சப்பையை என் மேசையில் கொட்டினார். சோளத்துக்கு முன்னால் வண்டு ஓடியது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கையில் எடுத்த மருந்து பாக்கெட்டைத் திருப்பி வைத்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதே வாரம் அதே பெட்டியிலிருந்து வாங்கிப்போன பாஷா பாய்க்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்துக் கட்டிய அவர் விதையில் ஒரு வண்டு இல்லை. பிறகு செல்விக்கு விளக்கினேன். காய்ந்த சோளத்தில் மாதக்கணக்கில் நிற்கிற மருந்து ஈரச் சோளத்தில் சில வாரத்திலேயே சிதைந்துவிடும். கூடுதலாகப் போட்டாலும் ஈரம் ஈரம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், செல்வி கேட்கும் வரை.

"இன்னிக்கு இவ்ளோ நல்லா சொல்றீங்களே, அன்னிக்கு ஏங்க சொல்லல?"

நூற்றில் ஐம்பத்தெட்டு

வெட்கமாக இருந்தது. மறுநாள் மெஷினை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று பேரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு சலித்தோம், ஓட்டை விழுந்த மணிகளைப் பொறுக்கினோம், மிச்சத்தைக் காயவைத்தோம். நூறு மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்ததில் ஐம்பத்தெட்டு முளைத்தது. தேறிய விதை ஐந்து வீட்டுக்குத்தான் வரும். மீதி ஐந்து வீட்டுக்கும் இந்த வருஷம் விதை இல்லை என்று சொல்ல செல்வி நேரில் போனார். தப்பில் பாதி என்னுடையது என்பதால் நானும் கூடப் போனேன்.

இந்தத் தை மாதம் ஏழுமலை வந்து, சோளத்தை அவரே மெஷினில் போட்டார். பதினொன்று காட்டியது. அதன்பிறகும் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார்.

"உங்க மெஷின் இப்ப சரியாத்தாங்க சொல்லுது."

இப்போதெல்லாம் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்னால் காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்கிறேன். மருந்துக் கடைக்காரன் திதி பார்த்து வண்டு மருந்து விற்பது எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கும்.