கொட்டாஞ்சேனையில் யார் பாடுவது

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகின் எஞ்சினையும் தோற்கடித்து, "அப்பம்! சூடான அப்பம்!" என்று கூவுகிற தொண்டை பிலோமினாவுடையது. அதே தொண்டைதான் பல வருசமாக ஞாயிற்றுப் பூசையில் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடி வந்தது. கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பேராலயத்தில் பாட ஊர்ப் பாடகர் குழுவுக்கு அழைப்பு வந்தபோது, தான்தான் பாடப்போவதாகத் துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பிறகுதான் குழுவைப் பழக்கும் பாக்கியரத்தினம் மாஸ்ரர், "இந்த முறை கீர்த்தனி பாடட்டும்" என்றார்.

கீர்த்தனிக்குப் பத்தொன்பது வயது. குரலும் இருந்தது, முகமும் இருந்தது. பிலோமினாவின் வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்பில்லாமலே அப்பம் சுட்டிருக்கலாம்.

கொழும்புக்குப் போகும் வழியில் ஹபரணையில் பஸ் நின்றதும் பிலோமினா இரண்டு ஐஸ்கிறீம் வாங்கினாள்.

"இந்தா பிள்ளை, வெய்யிலுக்கு நல்லம்."

"ஐயோ அன்ரி, தொண்டை கட்டிப்போடும். நீங்களே சாப்பிடுங்கோ."

எறிய மனம் வராமல் இரண்டையும் தானே தின்றாள். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது தொண்டை கட்டியிருந்தது அவளுக்குத்தான்.

பேராலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. இவ்வளவு பெரிய இடம் அந்தப் பொடிச்சிக்கா!

ஊர்க் கோயிலில் பல்லவியைப் பாடினால் சனம் உடனே திருப்பிப் பாடும். அது ஓய்ந்ததும் அடுத்த அடியை எடுக்க வேண்டும். இங்கே கீர்த்தனி பல்லவியைப் பாடியதும் முதலில் திரும்பி வந்தது அவளுடைய சொந்தக் குரல், குவிமாடத்திலிருந்து எதிரொலியாக. அதைச் சனமென்று நினைத்து அவள் அடுத்த அடிக்குப் போய்விட்டாள். சனமோ அப்போதுதான் பல்லவியைத் தொடங்கியது. இரண்டும் மோதிக்கொண்டன. பிள்ளை திகைத்து நின்றுவிட்டாள்.

பிலோமினா வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தது இதைத்தான். ஆனால் அந்தத் தாடை நடுங்குவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"சனம் முடிக்கட்டும், அவசரப்படாதை," என்று முணுமுணுத்தாள். பிறகு கட்டிய குரலிலேயே அடியை எடுத்துக் கொடுத்தாள். கீர்த்தனி பிடித்துக்கொண்டாள். கடைசி அடியில் குவிமாடம் நிறைந்தது. பிலோமினாவின் கரகரப்பு அதற்குள் காணாமற்போனது.

பூசை முடிந்ததும் கொழும்பு ஆட்கள் கீர்த்தனியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அன்ரிதான் என்னைக் காப்பாத்தினவ," என்றாள் அவள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. "அன்ரி, மார்கழியில எங்கட கோயில் நத்தார் பூசைக்கு நீங்கள்தானே பாடுவியள்?"

"பின்னே? உன்ர கையில குடுத்துப்போட்டு நான் வாய் பாத்துக்கொண்டு நிப்பனே?"

வயிறு இன்னும் எரிந்தது. ஆனாலும், எல்லாரும் படம் எடுத்து முடியுமட்டும் பிள்ளையின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.